போன கட்டி திரும்ப வந்தபோது

என் தலையை நானே பின்னிக்கொள்ள எனக்கு முடியாது. அதனால் என் கழுத்தில் இருந்த கட்டியை முதலில் பார்த்தது நான் இல்லை, பக்கத்து வீட்டு சரோஜா.

1993 நவம்பர் மாதம், நல்ல மழை. வழக்கம்போலக் காலையில் வந்து, என்னை ஸ்டூலில் உட்கார வைத்துச் சீப்பை எடுத்தவள், பாதிப் பின்னலில் நிறுத்திவிட்டாள்.

"இன்னாக்கா இது? காதாண்ட கீழ ஒண்ணு உருண்டையா கீது?"

"என்னது?"

"தொட்டுப் பாருக்கா. வலிக்குதா?"

வலிக்கவில்லை. அழுத்தினாலும் வலிக்கவில்லை. ரப்பர் பந்தைப் போலக் கொஞ்சம் நழுவிக் கொடுத்தது. "வலிக்கலையே" என்று நான் நிம்மதியாகச் சொன்னேன். அவள் முகம் வேறு மாதிரி ஆகிவிட்டது. "வலிச்சா கூட பரவால்லக்கா. எங்க பெரியம்மாவுக்கு இப்டித்தான்..." என்று ஆரம்பித்து, நாக்கைக் கடித்துக்கொண்டாள். பெரியம்மாவுக்கு என்ன ஆனது என்று நான் கேட்கவில்லை. கேட்காமலே தெரிந்துவிட்டது.

பிரியமானவர்களே, என் பெயர் கிரேஸ். நான் சொல்லச் சொல்ல என் மகள் ஜெமிமா இதை எழுதுகிறாள். அங்கங்கே என் பேச்சை அழகாக்கப் பார்க்கிறாள், நான் விடவில்லை. ஆண்டவர் எனக்குச் செய்ததை நடந்தது நடந்தபடியே சொல்ல வேண்டும் என்பது என் பிடிவாதம். அந்தப் பிடிவாதம் எனக்கு ஏன் வந்தது என்பதைக் கடைசிவரை வாசித்தால் தெரிந்துகொள்வீர்கள்.

நாங்கள் திருநெல்வேலிப் பக்கத்து ஆட்கள். என் கணவர் தேவராஜ் ஆவடியில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலை ஒன்றில் ஃபிட்டர். குவார்ட்டர்ஸில் குடியிருந்தோம். 1985-ல் எனக்கு மூட்டு நோய் வந்தது. காலையில் எழுந்தால் விரல்கள் மடங்காது. மணிக்கட்டு வீங்கும், முட்டி வீங்கும், ஒரு டம்ளரைத் தூக்க இரண்டு கையும் வேண்டும். டாக்டர் அதை ருமட்டாய்டு என்றார். எங்கள் ஊரில் சரவாங்கி என்பார்கள். குவார்ட்டர்ஸில் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். எத்தனை வீட்டு முடக்கத்தான் ரசம் என் வயிற்றுக்குள் போயிருக்கிறது என்று எனக்கே தெரியாது. எதுவும் கேட்கவில்லை. டாக்டர் கொடுத்த மாத்திரையால் நடமாடிக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான்.

இந்த நோய் உள்ளவர்களுக்கு இன்னொரு கஷ்டம் உண்டு. உடம்புக்கு என்ன வந்தாலும் பழி அதன் மேல்தான் விழும். சாயங்காலம் காய்ச்சலா? வாதக் காய்ச்சல். சாப்பாடு இறங்கவில்லையா? மாத்திரைச் சூடு. இளைத்துப் போய்விட்டேனா? எட்டு வருஷ நோயாளி இளைக்காமல் பெருக்கவா செய்வாள்? வீட்டில் எல்லாரும் அப்படித்தான் சொன்னார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

கட்டியைப் பற்றி என் கணவரிடம் சொன்னேன். அவர் தொட்டுப் பார்த்தார். அன்று இரவு அவர் சரியாகச் சாப்பிடவில்லை. ஆனாலும், "வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம் இருக்குல்லா, முதல்ல கர்த்தர்கிட்ட வைப்போம், அப்புறம் டாக்டர்கிட்ட காட்டுவோம்" என்றார். எனக்கும் அது சரியாகவே பட்டது.

எங்கள் சபை மண்ணூர்பேட்டையில், தொழிற்பேட்டைக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகையில் கூடும். எல்லாரும் சமுக்காளத்தில்தான் உட்காருவோம். இடது பக்கம் ஆண்கள், வலது பக்கம் பெண்கள், நடுவில் ஒரு ஆள் நடக்கிற அளவுக்கு வழி. அந்த வழியைத் தாண்டி ஆண்கள் எங்கள் பக்கம் வரமாட்டார்கள். புருஷனிடம் வீட்டுச் சாவி வாங்க வேண்டுமென்றாலும் வெளியே போய்த்தான் வாங்க வேண்டும். எனக்கு மட்டும் கீழே உட்கார முடியாது என்பதால் பெண்கள் பக்கம் கடைசியில் ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள்.

அந்த வெள்ளிக்கிழமை சபையார் எனக்காக அழுது ஜெபித்தார்கள். அந்த ஜெபத்தை நான் இன்றுவரை மறக்கவில்லை. பெற்ற பிள்ளைக்குக் கேட்பதுபோல் கேட்டார்கள்.

அதே வாரத்தில் மழைக் குளிரில் என் மூட்டுகள் எல்லாம் ஒன்றாக வீங்கிக்கொண்டன. படுக்கையிலிருந்து எழுந்திருக்கவே ஒருவர் வேண்டியிருந்தது. அம்பத்தூர் ஓ.டி. பக்கம் நான் வழக்கமாகப் போகும் டாக்டரிடம் என் கணவர் ஓடினார்; அந்த அவசரத்தில் கட்டியைப் பற்றி அவர் சொல்லவில்லை. அவர் நான் சாப்பிட்டு வந்த ஸ்டீராய்டு மாத்திரையின் அளவைக் கொஞ்ச நாளைக்குக் கூட்டிக் கொடுத்தார். மூட்டு வலி குறைந்தது. கிறிஸ்துமஸ் நெருங்கும்போது சரோஜா தலை பின்னிக்கொண்டே கத்தினாள்.

"அக்கா! காணோம்க்கா! மெய்யாலுமே காணோம்!"

தடவிப் பார்த்தேன். கட்டி இல்லை. சரோஜா கோயிலுக்குப் போகிறவள், எங்கள் சபைக்கு வருகிறவள் இல்லை. அவளே, "உங்க சாமி செஞ்சிடுச்சுக்கா" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு டாக்டரிடம் காட்ட என்ன இருக்கிறது? போகவில்லை.

வருஷக் கடைசி ஸ்தோத்திர ஆராதனையில் என் கணவர் எழுந்து சாட்சி சொன்னார். அவர் அதிகம் பேசாதவர். அன்று பேசியதைப் பார்க்க வேண்டுமே. நெல்லிக்காய் அளவு இருந்தது, கர்த்தர் தொட்டார், இருந்த தடம் தெரியாமல் போய்விட்டது என்றார். கொட்டகையே அதிர்ந்தது. எங்கள் பாஸ்டர் அதைக் கொண்டுபோய் அடுத்த வாரம் பூந்தமல்லி கூட்டத்தில் சொன்னார். அங்கே அது எலுமிச்சம்பழமாகிவிட்டது. குத்தம்பாக்கம் வீட்டு ஜெபத்தில் என்ன பழமானதோ தெரியாது. அங்கிருந்து ஒரு அம்மா பஸ் ஏறி வந்து, "எந்தப் பக்கம்மா?" என்று கேட்டு என் கழுத்தைத் தடவிப் பார்த்து, ஸ்தோத்திரம் சொல்லிவிட்டு, காபி குடித்துவிட்டுப் போனார்கள். அப்படிப் பலபேர் வந்தார்கள். எனக்குச் சிரிப்பாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

தை மாதத்தில் டாக்டர் மாத்திரையை மெதுவாகப் பழைய அளவுக்குக் குறைத்தார். பிப்ரவரி முடியும் முன் கட்டி திரும்ப வந்துவிட்டது.

இந்தத் தடவை அது தனியாக வரவில்லை. அக்குளில் இன்னொன்று இருந்தது. சாயங்காலக் காய்ச்சலும், தலையணை நனைகிற அளவுக்கு வியர்வையும் சேர்ந்துகொண்டன. சரோஜா பார்த்துவிட்டுச் சும்மா இருக்கவில்லை. "அக்கா, போன தபாவ விட பெருசா கீது. நா உன்கிட்ட பொய் சொல்லமாட்டேன். அண்ணன்கிட்ட சொல்லிட்டு டாக்டராண்ட போ" என்றாள்.

சொன்னேன். என் கணவர் என் கழுத்தைப் பார்க்கவே இல்லை. ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"அது பொய் அடையாளம் கிரேஸ். சாத்தான் காட்டுறான். கர்த்தர் எடுத்துப்போட்டதைத் திரும்ப வந்துட்டுன்னு நாமளே வாயால சொல்லக் கூடாது. சொன்னா சுகம் நிக்காது."

"டாக்டர்கிட்ட காட்டிட்டு வந்துருவோம்ங்க."

"டாக்டர்கிட்ட போறதே சந்தேகந்தான? எத்தனை சபையில சொல்லியிருக்காங்க நம்ம சாட்சியை! இப்போ இல்லைன்னா கர்த்தருடைய நாமம் என்னாகும்?"

விசுவாசிகளே, இதை வாசிக்கும் உங்களில் பலருக்கு அவர் பேச்சு புரியும். வெளியாட்களுக்குப் புரியாது. அவர் கல் நெஞ்சக்காரர் இல்லை. என்னை இழந்துவிடுவோமோ என்று உள்ளுக்குள் நடுங்கிக்கொண்டிருந்தார். சாட்சியை விட்டால் நானும் போய்விடுவேன் என்று நினைத்து அதையே பிடித்துக்கொண்டிருந்தார். ஆனால் எனக்குக் கோபம் வந்தது. நன்றாகவே வந்தது. கழுத்தில் கட்டி இருக்கிறது, அதைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு, பார்க்க வருகிறவர்களிடம் "கர்த்தர் நல்லவர்" என்று சொல்லி அனுப்ப வேண்டியிருந்தது. ஜெமிமா அந்த வருஷம் பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதினாள். அவளிடமும் சொல்லவில்லை.

ஒரு நாள் மத்தியானம், வீட்டில் யாரும் இல்லாத நேரம், அடுப்படிச் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டு ஜெபித்தேன். முழங்கால் போட எனக்கு முடியாது. அழகான ஜெபம் இல்லை அது. "இயேசப்பா, போன தடவை என்னைச் சுகமாக்கும் என்று கேட்டேன். இந்தத் தடவை அதைக் கேட்கவில்லை. இது என்ன என்று எனக்குத் தெரிய வேண்டும். என் வீட்டுக்காரர் பயத்தை எடுத்துப்போடும். உம்முடைய பேரை நான் காப்பாற்ற வேண்டுமா, நீர் என்னைக் காப்பாற்றுவீரா? உம்முடைய பேரையும் என் உயிரையும் சேர்த்துக் காப்பாற்ற என்னால் முடியாது" என்றேன். அழுதேன். அழுது முடித்தபோது ஒன்று மட்டும் தெளிவாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை நான் எழுந்து சொல்லிவிட வேண்டும். யாரும் காதில் வந்து சொல்லவில்லை, வெளிச்சம் ஒன்றும் வரவில்லை. பயம் போயிருந்தது.

அந்த ஞாயிறு சாட்சி நேரம் வந்தது. நாற்காலியின் கையைப் பிடித்து எழுந்தேன். நான் எழுந்ததும் பலர் முகம் மலர்ந்தது. மறுபடியும் அந்த அதிசயத்தைக் கேட்கப் போகிறோம் என்று நினைத்தார்கள்.

"டிசம்பர்ல போன கட்டி திரும்ப வந்திருக்கு" என்றேன். "அக்குளிலும் ஒண்ணு இருக்கு. எனக்காக ஜெபிங்க. நான் டாக்டர்கிட்ட போகணும்."

தகரத்தின் மேல் காகம் நடக்கிறது கேட்டது. முன்னால் இருந்த ஒரு சகோதரி திரும்பி என்னைப் பார்த்த பார்வையில், நான் ஏதோ சபையின் சொத்தை உடைத்துவிட்டதுபோல் இருந்தது. என் கணவர் ஆண்கள் பக்கம் மூன்றாம் வரிசையில் தலையைக் குனிந்துகொண்டிருந்தார். நான் நாற்காலியின் கையை விடாமல் நின்றேன். உட்காரவும் தோன்றவில்லை.

அப்போது அவர் எழுந்தார். வெளியே போய்விடப் போகிறார் என்றுதான் நினைத்தேன். அவர் நடுவழிக்கு வந்தார். அதைத் தாண்டினார். சமுக்காளத்தில் உட்கார்ந்திருந்த பெண்கள் காலை மடக்கி வழிவிட, நேராக என் நாற்காலிக்கு வந்து, எல்லாரும் பார்க்க என் கையைப் பிடித்துக்கொண்டார். வீங்கிய கை வலித்தது. நான் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

"அவ சொல்றது உண்மை" என்றார். "நாந்தான் பயந்துபோய் மறைக்கச் சொன்னேன். நாளைக்கு லீவு போட்டு நானே கூட்டிட்டுப் போறேன்."

என் ஜெபத்துக்கு வந்த பதில் அதுதான். அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் அதிலிருந்து நடந்தவை. பாஸ்டர் மைக்கைக் கீழே வைத்துவிட்டு எங்கள் அருகில் வந்தார். "இதை ஊரெல்லாம் சொன்னவன் நான். அந்தந்த இடத்துல நானே போய் இதையும் சொல்லிடுறேன்" என்றார். சொல்லவும் செய்தார். அது லேசான காரியம் இல்லை.

மறுநாள் அம்பத்தூர் டாக்டர் கழுத்தைத் தொட்ட உடனே நகரத்திலுள்ள புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். ரயிலில் கூட்டம். என் கணவர் என்னை ஜன்னலோரம் உட்கார வைத்து, யாரும் என் முட்டியில் இடிக்காமல் வழி நெடுகக் குறுக்கே நின்றுகொண்டு வந்தார். அங்கே இருந்த டாக்டரம்மா எனக்கு என்னென்ன மாத்திரை எப்போதெப்போது கூட்டினார்கள், குறைத்தார்கள் என்று துருவித் துருவிக் கேட்டார்கள். பிறகு சொன்னார்கள்.

"ஸ்டீராய்டு மாத்திரையைக் கூட்டினா இந்த மாதிரிக் கட்டி சில சமயம் சுருங்கிடும்மா. போயிட்ட மாதிரியே இருக்கும். போயிருக்காது. அளவைக் குறைச்சதும் திரும்ப வந்திருக்கு. அந்த மாத்திரை கூடுதலா இருக்கும்போது சோதனைக்குச் சதை எடுத்திருந்தா சரியாத் தெரியாமலும் போயிருக்கலாம். இப்போ எடுத்தா தெரியும்."

கட்டியிலிருந்து சதை எடுத்துப் பரிசோதித்தார்கள். நிணநீர்ச் சுரப்பியில் வரும் புற்றுநோய். லிம்ஃபோமா என்றார்கள். என் கணவர் சுவரைப் பிடித்துக்கொண்டார். நான் டாக்டரம்மாவிடம், "மூட்டுக்குச் சாப்பிட்ட மாத்திரையால வந்ததா? நான் ஏதாவது தப்பா சாப்பிட்டேனா?" என்று கேட்டேன்.

"நீங்க எந்தத் தப்பும் பண்ணலை" என்றார்கள். "உங்க மூட்டு நோய் மூட்டோட நிக்கிற நோய் இல்லை. உடம்போட எதிர்ப்புச் சக்தி ஓயாம தனக்குத்தானே சண்டை போட்டுக்கிட்டே இருக்கு. பல வருஷம் தணியாம இருக்கிறவங்களுக்கு இந்த வகைப் புற்றுநோய் வர வாய்ப்பு மத்தவங்களைவிடக் கொஞ்சம் அதிகம். பெரும்பாலான பேருக்கு வராது. பயந்து மாத்திரையை நிறுத்திடாதீங்க. ஆனா எதுக்கெடுத்தாலும் வாதம்னு சொல்லிக்கிட்டு வீட்ல இருக்கக் கூடாது. கட்டி, விடாத காய்ச்சல், காரணமில்லாம இளைக்கிறது, இதெல்லாம் வந்தா வந்து காட்டணும்."

இன்னும் கொஞ்ச மாதம் போயிருந்தால் நிலைமை வேறு என்றும் சொன்னார்கள். அதைக் கேட்டபோது என் கணவர் வாய்விட்டு அழுதார்.

1994-ல் பெரும்பகுதி புற்றுநோய்க்கான ஊசியிலேயே போனது. குமட்டல், வாய்ப்புண், எழுந்தால் தலைசுற்றல். ஊசி போட்டு வருகிற நாட்களில் சபைச் சகோதரிகள் முறை வைத்துக் கஞ்சி கொண்டுவந்தார்கள். அன்று என்னை முறைத்துப் பார்த்த சகோதரிதான் முதல் ஆள். சரோஜா என் வீட்டையும் தன் வீட்டையும் சேர்த்துப் பார்த்தாள். இதில் ஒரு வேடிக்கை. அந்த மருந்துகள் மூட்டையும் தணித்துவிட்டன. ஒன்பது வருஷமாக மடங்காத விரல்கள் மடங்கின, கை தலைக்கு மேலே போனது. நானே தலை பின்னிக்கொள்ளலாம் என்று சந்தோஷமாகக் கையைத் தூக்கினால், தலையில் முடி இல்லை. எல்லாம் கொட்டிவிட்டது. சரோஜாவிடம் சொன்னேன். இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். "உங்க சாமிக்குக் குசும்பு ஜாஸ்திக்கா" என்றாள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

ஊசிகள் முடிந்தன. கட்டிகள் கரைந்தன. முடி வந்தது. மூட்டு வலியும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்ப வந்துவிட்டது. அது இன்றும் இருக்கிறது. இப்போது 1999. ஆஸ்பத்திரிக்கு ஒழுங்காகப் போய்க் காட்டிக்கொண்டு வருகிறேன். ஜெமிமா படிப்பு முடித்து வேலைக்குப் போகிறாள். அவள் பட்டம் வாங்கியதை என் கண்ணால் பார்த்தேன். அந்த அடுப்படி ஜெபத்தில் கேட்கக்கூடத் துணியாத ஒன்றை ஆண்டவர் எனக்குக் கொடுத்தார். ஜெபித்தவர்களுக்கும், ஊசி போட்ட கைகளுக்கும், எல்லாவற்றுக்கும் மேலாக அவருக்கும் நன்றி சொல்லி எனக்குத் தீராது.

எங்கள் சபையில் ஒன்று மாறியது. சாட்சி நேரத்தில் சுகமானவர்கள் மட்டும்தான் எழுந்து நிற்பது என்றிருந்தது போய், இன்னும் சுகமாகாதவர்களும் எழுந்து சொல்கிறார்கள். சர்க்கரை குறையவில்லை என்கிறார் ஒருவர். குடியை விட்டேன் என்று சாட்சி சொன்ன தம்பி ஒருவர், திரும்பக் குடித்துவிட்டேன் என்று அழுதார். யாரும் அவரை முறைக்கவில்லை. அவருக்காகவும் ஜெபித்தோம்.

போன மாதம் பூந்தமல்லி சபையில் எங்களைச் சாட்சி சொல்லக் கூப்பிட்டார்கள். என் கணவர்தான் பேசினார். பேசப் பேச உற்சாகம் ஏறிவிட்டது. "என் மனைவிக்கு அந்த நோய் இனி எந்தக் காலத்துக்கும்..." என்று ஆரம்பித்தார். நான் அவர் சட்டை நுனியைப் பிடித்து இழுத்தேன். குனிந்து என்னைப் பார்த்தார்.

"டாக்டரம்மா சொன்னபடி சொல்லுங்க" என்றேன்.

அவர் நிமிர்ந்தார். பிறகு ஜனங்களைப் பார்த்து மெதுவாகச் சொன்னார். "இன்னைக்கு இல்லை. அவ்வளவுதான் எங்களுக்குத் தெரியும். திரும்ப வந்தா, வந்துட்டுன்னு இங்கயே வந்து சொல்லுவோம். அன்னைக்கும் அவர்தான் எங்க ஆண்டவர்."

அந்தக் கூட்டத்தில் அதற்குத்தான் பெரிய ஆமென் வந்தது.

இதை வாசிக்கிற சகோதரியே, சகோதரனே, போன வலி உங்களுக்குத் திரும்ப வந்திருக்கிறதா? மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்காதீர்கள். ஆண்டவரிடம் சொல்லுங்கள், வீட்டில் சொல்லுங்கள், டாக்டரிடம் போய்ச் சொல்லுங்கள். ஆண்டவரை நம்பித்தான் சொல்கிறேன். நாம் உண்மையைச் சொல்வதால் அவர் பெயர் கெட்டுப்போகாது.